பூ வைக்காத சீமாட்டி

ஒடென்சே
14 ஒக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை மனோரஞ்சிதம் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் "சுகமோ?" என்று கேட்டது வீட்டுக்காகக் கேட்டது. இது உங்களிடம் மட்டும் கேட்பது. முழங்கால் உண்மையில் எப்படி இருக்கிறது? எனக்கு இடுப்பு நோ ஒன்றுதான், மற்றப்படி குறையில்லை.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களோடு இருக்கிற பெறாமகன் கஜதீபன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதிரையில் வைத்தால், அவன் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுச் சின்னமணி மாமியும் சேர்ந்துதான் கேட்கிறார்கள். உங்களுக்குக் காது மந்தம் என்று நல்லெண்ணத்தில்தான் செய்கிறான், குறை சொல்லவில்லை. ஆனால் மழை பெய்ததா, மாங்காய் பிடித்ததா என்பதற்கு மேல் நான் என்னத்தைக் கதைப்பது? இவர் கண்ணை மூடி எட்டு வருஷம். மகள் கிருசாந்தி எஸ்பியர்க்கில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது எடுப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள், பிறகு சுரங்கப்பாதை வந்துவிட்டது என்று வைத்துவிடுவாள். அந்தப் பக்கம் எங்கே சுரங்கப்பாதை இருக்கிறது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

நான் கூட்டித் துடைக்கிற மாளிகையைப் பற்றி உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒடென்சேயிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம், கடைசித் தரிப்பு. ஒரு காலத்தில் பிரபுக்கள் இருந்த வீடு, இப்போது காசு கொடுத்துப் பார்க்கிற இடம். நடு மண்டபத்தில் ஒரு பெரிய எண்ணெய் ஓவியம் இருக்கிறது. அந்தக் காலத்து அரசருக்கு அரண்மனை ஓவியராக இருந்தவர் கீறியதாம். படத்தில் ஒரு சீமாட்டி. பெயர் யூலியானே, வருஷம் 1841 என்று கீழே தகட்டில் இருக்கிறது.

மற்றச் சுவர்களில் உள்ள சீமாட்டிகள் எல்லாம் சிவப்பும் நீலமும் முத்துமாய் நிற்கிறார்கள். இவ மட்டும் வெள்ளை. கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் ஒன்றுமில்லை. தலையில் பூக்கூட இல்லை, சின்னச் சின்னப் பச்சை இலைதான். முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. புருஷன் இல்லாதவ. வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. அக்கா, உங்களை நினைக்காமல் என்னால் அந்த மண்டபத்தைக் கூட்ட முடிவதில்லை.

படத்துக்கு ஒரு முழத் தூரத்துக்குள் போகக்கூடாது என்பது அங்கே விதி. படச் சட்டத்தைத் துடைக்கிறதுகூடப் பொறுப்பாளர் மாக்கிரட் ஒருவர்தான். நான் தூரத்தில் நின்று நிலத்தைத் துடைத்துக்கொண்டே அவவோடு கதைப்பேன். விசர் என்று நினைக்காதீர்கள். கதைக்கிறதுக்கு அங்கே வேறு ஆள் இல்லை.

பதில் போடுங்கள். போனில் அல்ல.

உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
மனோ


இணுவில்
11 நவம்பர் 2023

அன்பான மனோவுக்கு,

அக்கா செல்வமலர். தபால்காரர் உன் கடிதத்தைத் தந்தபோது கஜதீபனின் மனைவி ஓடிவந்து, "ஆர் மாமி செத்தது?" என்று கேட்டாள். "ஒருத்தரும் சாகேல்லை, என்ர தங்கச்சிக்கு எழுத்து ஞாபகம் வந்திட்டுது" என்றேன். முழங்கால் நீ கேட்டபடி உண்மையாகச் சொன்னால் படிக்கு மேல் ஏற விடாது. உன் இடுப்புக்கு எண்ணெய் பூசு, மினக்கெடாதே.

நீ அந்தச் சீமாட்டியைப் பற்றி எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை. தாலி கழற்றியவளுக்கு யார் மினக்கெட்டுப் படம் கீறியது? அதுவும் அரசருடைய ஆள் வந்து? அதுவும் நடு மண்டபத்தில் மாட்ட?

உன் கலியாணப் படங்களை எடுத்துப் பார். எதிலாவது நான் நிற்கிறேனா என்று தேடு. ஸ்ரூடியோக்காரர், "மூத்த சகோதரியையும் கூப்பிடுங்கோ" என்று கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் குசினிக்குள் போய்ப் பாயாசம் கிண்டினேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதற்குப் பிறகும் என்னை யாரும் படம் எடுத்ததில்லை, அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. என்னை நினைத்ததாக எழுதினாய், அதனால் எழுதுகிறேன். முடிந்தால் அவளுடைய படம் ஒன்று அனுப்பு. அவள் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அக்கா


ஒடென்சே
9 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்து அப்படியே இருக்கிறது, கொஞ்சம்தான் நடுங்குகிறது. நான் சுகம். எண்ணெய் பூசினேன், பஸ்ஸில் எல்லோரும் என்னை விட்டு ஒரு சீற் தள்ளி இருந்தார்கள்.

அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஒரே ஒரு படத்தில் ஓரத்தில் ஒரு கை தெரிகிறது, தட்டம் பிடித்தபடி. வெள்ளைச் சீலைத் தலைப்பு. அது நீங்கள்தான். முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் படத்தை வைத்திருக்கிறேன், ஒரு நாளும் அந்தக் கையைக் கண்டதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா.

சீமாட்டியின் படம் போட்ட தபாலட்டை இத்துடன் இருக்கிறது. மாளிகைக் கடையில் விற்பது, மாக்கிரட் சும்மா தந்தார். கண் நேரே பார்க்கிறது. குனியவில்லை. அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது மாளிகை பூட்டு. பங்குனி கடைசி வரைக்கும் ஆட்கள் வரமாட்டார்கள். கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திவிட்டார்கள். கிழமையில் இரண்டு நாள் நான் மட்டும் போய் எலிப்பொறி பார்த்து, ஈரம் காட்டுகிற மீற்றரில் உள்ள இலக்கத்தை எழுதி வைத்துவிட்டு வருவேன். போகிற பஸ்ஸிலும் கடைசித் தரிப்பு வரும்போது நான் ஒருத்திதான். பஸ் ஓட்டுகிறவர் நம்மவர், திருகோணமலைக் கோணேசன். கடைசித் தரிப்பில் ஏழு நிமிடம் நிற்க வேண்டும், அந்த ஏழு நிமிடத்துக்குக் கோணேசன் பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவருவார். இஞ்சி போட்டிருப்பார். நீங்கள் சொன்ன கலியாணப் படக் கதையைக் கோணேசனுக்குச் சொன்னேன், கோபிக்க வேண்டாம். "அந்தத் தட்டத்திலை என்ன இருந்தது?" என்று கேட்டார். பார்த்தேன், வெற்றிலை. நாளைக்குக் கோணேசனிடம் சொல்ல வேண்டும். மனைவி போய் அவருக்கும் ஆறு வருஷம். கோணேசன் நல்ல மனிதர்.

புது வருஷம் நல்லபடி பிறக்கட்டும். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

மனோ


இணுவில்
10 சனவரி 2024

அன்பான மனோவுக்கு,

படம் வந்தது. நீ சுகம் என்று எழுதாமல் விட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும், எழுத்தில் உற்சாகம் தெரிகிறது. நானும் பாதகமில்லை.

அவளைத் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். காலையில் விளக்கு வைத்துப் புத்தகம் திறக்கும்போது அவளும் வருகிறாள். ஆளைப் பார்த்தால் கெட்டிக்காரி மாதிரித்தான் தெரிகிறது. ஒரு பயமும் இல்லை முகத்தில். புருஷன் செத்தவள் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே பிள்ளை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இப்போது கண்ணால் பார்க்கிறேன். நாற்பத்திரண்டு வருஷ வெள்ளையில் எனக்கு முதல் முறையாக ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள்.

நிற்க. உன் கடிதத்தில் ஒரு பந்திக்குள் கோணேசன் என்ற பெயர் ஐந்து இடத்தில் வருகிறது. எண்ணினேன். எனக்குக் காதுதான் மந்தம், கண் இல்லை. யார் அவர்? எந்தப் பகுதி? ஆர் ஆக்கள்? இஞ்சித் தேத்தண்ணி எல்லாருக்கும் கொடுப்பாரா, உனக்கு மட்டுமா?

பகிடிக்குத்தான் கேட்டேன். பகிடி இல்லை என்றால் எழுது.

அக்கா


ஒடென்சே
12 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன், என் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

பகிடி இல்லை அக்கா.

போன செவ்வாய்க்கிழமை கடைசித் தரிப்பில் வைத்து அவர் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு மே முப்பத்தொண்டோடை வேலை முடியுது. ரொறன்ரோவிலை இருக்கிற மகள் நிஷாந்தி வரச்சொல்லிக் கரைச்சல் குடுக்கிறா. நீங்கள் ஓம் எண்டால் நான் போகேல்லை" என்றார். நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏழு நிமிடம் முடிந்து அவர் எஞ்சினைப் போட்டார். "அக்காட்டைக் கேக்க வேணும்" என்றேன். எனக்கு ஐம்பத்தொன்பது வயது, சிரிக்க வேண்டாம். அவர் சிரிக்கவில்லை. "கேளுங்கோ, அதுதான் முறை" என்றார்.

கிருசாந்தியிடம் சொன்னேன். "நல்லது அம்மா, செய்யுங்கோ" என்று அவள் தமிழிலேயே சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆர் ஆக்கள் என்று சாதியைக் கேட்டீர்கள். நான் அவரிடம் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. கேட்க மாட்டேன் என்பதை உங்களிடம் ஒளிக்கவும் இல்லை.

எனக்குத் தடையாக நிற்பது நீங்கள் மட்டும்தான். தபால் கந்தோர் பரமானந்தம் உங்களைக் கேட்டு வந்தது எனக்கு மறக்கவில்லை. எண்பத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதம். உங்களுக்கு அன்று தராததை இன்று நான் உங்கள் சம்மதம் இல்லாமல் எடுத்தால் அது களவு. வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், இந்தக் கதையை இத்தோடு விட்டுவிடுகிறேன். ஓம் என்றால் மே முடிய முன்னம் எனக்குத் தெரிய வேண்டும்.

இந்த வீட்டில் சாயந்தரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். சோறு ஒரு சுண்டு போட்டால் இரண்டு நாளைக்குக் காணும். ரீவியை நான் பார்ப்பதில்லை, குரலுக்காகப் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு ஆசை இருக்கிறது அக்கா. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
மனோ


ஒடென்சே
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் அறிய ஆவல். நேற்றும் போனில் மழையைப் பற்றியும் வாழைக்குலையைப் பற்றியும் கதைத்தீர்கள். கடிதம் கிடைத்ததா என்று கேட்க வாய் வந்தது. கஜதீபனின் மகள் பக்கத்திலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், அதனால் நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பெப்ரவரியில் எழுதிய கடிதம் தவறியிருந்தால் தவறிவிட்டது என்று எழுதுங்கள், திரும்ப எழுதுகிறேன். தவறவில்லை என்றால், அக்கா, இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது.

மாளிகையைத் திறந்துவிட்டார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாக்கிரட் நடு மண்டபத்துக்கு வந்தபோது நான் யன்னல் துடைத்துக்கொண்டு நின்றேன். சீமாட்டியைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

கோபமென்றால் கோபம் என்றாவது எழுதுங்கள்.

மனோ


இணுவில்
27 மே 2024

அன்பான மனோவுக்கு,

சுகம் சொல்ல நேரமில்லை. மே முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. இது பறந்து வந்தாலும் அதற்குள் வந்து சேராது என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் தவறவில்லை. பங்குனி நடுவில் வந்தது. வாசித்துவிட்டு அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். மறதி இல்லை, வருத்தமில்லை. பொறாமை. இந்தச் சொல்லை எழுத எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

பரமானந்தத்தை அப்பா படலையில் வைத்தே திருப்பி அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முதல் நாள் நடந்ததும் இருக்கிறதா? நீ அறைக்குள் அம்மாவின் மடியில் கிடந்து, "அக்கா கட்டினால் எனக்கு ஆர் வருவினம்?" என்று அழுதாய். நான் கதவுக்கு வெளியே உலர்ந்த உடுப்பு மடித்துக்கொண்டு நின்றேன். நான் கேட்டது உனக்குத் தெரியாது. அப்பா என் விருப்பத்தைக் கேட்டிருந்தாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், உனக்காக. இத்தனை வருஷமாக ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் உன் கடிதத்தைக் கண்டதும் அது அப்படியே எழும்பி வந்து நின்றது. "இப்ப என்னட்டைக் கேக்கிறியோ?" என்று எனக்குள் ஒரு குரல். நீ காத்திரு, எப்படி இருக்கிறது என்று பார் என்று நினைத்தேன். இதுதான் உன் அக்கா.

என்னை மாற்றியது கடவுள் இல்லை, உன் சீமாட்டிதான். ஒவ்வொரு நாள் காலையும் புத்தகத்தைத் திறந்தால் அவள் என்னைப் பார்க்கிறாள். வெள்ளையோடு, பூவில்லாமல், கூச்சமில்லாமல். இவளுக்குப் புருஷன் போன பிறகும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது, அதை யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் தரவில்லை. அதற்காக நான் உனக்கும் தராமல் விட்டால் நானும் அப்பாவும் ஒன்றுதான்.

கட்டு. மனம் நிறைஞ்சு சொல்கிறேன், கட்டு. ஆர் ஆக்கள் என்று கேட்டதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஞாயிறு போனிலேயே சொல்லிவிட நினைத்தேன். நீ "சுகமோ அக்கா" என்றாய். கஜதீபன் பக்கத்தில், சின்னமணி மாமி விறாந்தையில். ஒரு சொல்தான், அதற்குக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தே அறுபத்தாறு வயதாகிவிட்டது.

இது பிந்தி, அவர் போயிருந்தால், உன் வாழ்வைக் கெடுத்தவள் நான். டொக்டர் பிரசர் கூடிவிட்டது என்று குளிசையை இரண்டாக்கியிருக்கிறார். நித்திரை இல்லை. என்ன நடந்தது என்று எழுது.

அக்கா


ஒடென்சே
28 யூன் 2024

மதிப்புக்குரிய கோணேசன் அவர்களுக்கு,

பயணம் சுகமாக முடிந்து, மகளும் பேரப்பிள்ளையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மகளின் விலாசம் மட்டும்தான் தந்துவிட்டுப் போனீர்கள், புது இலக்கம் என்னிடம் இல்லை, இருந்தாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு நா எழாது.

அக்காவின் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை வந்தது. ஓம் என்று எழுதியிருக்கிறா.

மாக்கிரட் சொன்னதை நான் அக்காவுக்கு எழுதவில்லை. அன்று பஸ்ஸில் ஏறியதும் உங்களிடம்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளை கலியாண உடுப்பு. தலையில் இருக்கிற இலை, இந்த நாட்டில் அந்தக் காலத்து மணப்பெண்கள் வைக்கிற இலை. சீமாட்டிக்கு அப்போது பத்தொன்பது வயது, அடுத்த கிழமை கலியாணம். ஏழு வருஷமாக ஒரு கலியாணப் பெண்ணுக்கு முன்னால் நின்று துக்கம் விசாரித்திருக்கிறேன். நீங்கள் அன்று சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி. அக்கா அவளை விதவை என்று நம்பித்தான் எனக்குச் சம்மதம் தந்திருக்கிறா. பிழையில் வந்தாலும் எனக்கு அது சம்மதம்தான்.

அக்காவின் பதில் வராதபடியால் மே முப்பத்தோராம் திகதி கடைசி பஸ்ஸில் நான் வேண்டுமென்றே ஏறவில்லை. முந்தின தரிப்பு வரை நடந்து போய், கடைசித் தரிப்பு தெரிகிற ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் கடைசித் தரிப்பில் எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு.

கேட்பது முறையோ தெரியாது. கேட்காமல் விட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது, அதனால் கேட்கிறேன். திரும்பி வருவீர்களா?

மனோரஞ்சிதம்


ரொறன்ரோ
27 யூலை 2024

அன்பின் மனோரஞ்சிதம்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். இது மே மாதம் வந்திருந்தால் டிக்கெட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பேன். யோசித்தே இருக்க மாட்டேன்.

இப்போது ஒடென்சே வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொம்யூன் நகரசபைப் பதிவிலிருந்து பெயரையும் எடுத்தாயிற்று. அதெல்லாம் சாட்டு. உண்மை என்னவென்றால், மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம், மருமகன் விட்டுப் போய்விட்டான். இதை அவள் எனக்குப் போனில் சொல்லவில்லை, வந்து பார்த்துத்தான் அறிந்தேன். அவள் காலையில் வேலைக்குப் போகிறாள், பிள்ளை என் நெஞ்சில் படுத்துத்தான் நித்திரை கொள்ளுது. இதை இறக்கி வைத்துவிட்டு என்னால் வர முடியாது. வந்தால் நீங்களே என்னை மதிக்க மாட்டீர்கள்.

உங்கள் அக்காவைக் குறை நினைக்காதீர்கள். ஒரு சொல் சொல்ல அவவுக்கு நாற்பது வருஷப் பாரம். நானும் உங்களை அவசரப்படுத்தியிருக்கலாம், இல்லை, ஒரு முறை மரத்துக்குப் பின்னால் பார்த்திருக்கலாம்.

அந்தப் பதினெட்டு நிமிடத்துக்கு மேலதிகாரி விளக்கம் கேட்டார். ஆள் வரவேண்டியிருந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் நலம் வேண்டும்,
கோணேசன்


ஒடென்சே
14 செப்டெம்பர் 2024

என் அன்புள்ள அக்காவுக்கு,

குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? பிரசர் குறைந்ததா? போனில் நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் "வேறை என்ன?" என்று கேட்பது எனக்கு விளங்கியது. நானும் "கடிதம் போடுறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்து முடியட்டும், பிறகு எழுதலாம் என்று பிந்திவிட்டேன். நித்திரையைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள்.

முதலில் மற்றக் கதை. அன்று அம்மாவின் மடியில் அழுதது நான்தான். இருபது வயது, எனக்கு என்னைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை. நீங்கள் கதவுக்கு வெளியே நின்றீர்கள் என்று வாசித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பரமானந்தம் உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பார் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் அழுதேன். என்னை மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். நான் மன்னிப்புக் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்தால் காணும்.

இனி நல்ல செய்தி. நீங்கள் பிந்தவில்லை அக்கா. உங்கள் கடிதம் வந்தபோது அவர் போயிருக்கவில்லை, மகளுக்கு ஏதோ அலுவலென்று பயணத்தைத் தள்ளிப் போட்டிருந்தார். நான் உங்கள் எழுத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார். யோசிக்கவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஒடென்சே நகர மண்டபத்தில் பதிவு நடந்தது. பத்தே நிமிடம். கிருசாந்தி பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். நான் கையெழுத்துப் போடும்போது அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். பிரெடெரிசியாவில் நம்மவர் கடையில் வாங்கிய மாதுளம்பழ நிறச் சீலை உடுத்தேன். பூவும் வைத்தேன். படங்கள் எடுத்தார்கள், ஆனால் கஜதீபனின் போனுக்கு வந்தால் வீடு முழுக்கப் பார்க்கும் என்று அனுப்ப வேண்டாம் என்றுவிட்டேன். நீங்களும் போனில் இதைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

வீட்டில் இரண்டு பேருக்குச் சமைப்பது எனக்கு மறந்தே போயிருந்தது, அளவு பிழைத்து எப்போதும் மிஞ்சுகிறது. மனிதர் குறட்டை விடுவார், அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சீனி வேண்டாம் என்று டொக்டர் சொல்லியும் ஒளித்துப் போடுவார். ரீவியை இப்போது நான் போடுவதில்லை, அவர் கதை காணும். பின்னேரம் இருட்ட முன்னம் இரண்டு பேரும் ஆற்றங்கரைப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வருவோம். அவர் மெல்ல நடப்பார், நான் நின்று நின்று போவேன்.

சீமாட்டி நல்ல சுகம். அவவை நீங்கள் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருங்கள். நீங்கள் அவவைப் பற்றி நினைத்ததெல்லாம் சரி, பிறகு எழுதுகிறேன் என்று நான் சொன்னது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

இனி நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள் அக்கா. நான் தனியாக இல்லை, நீங்கள்தான் காரணம்.

எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் இருக்கிறார். தானும் உங்களைச் சுகம் கேட்டதாக எழுதச் சொல்கிறார்.

உங்கள் தங்கை,
மனோ